சங்கம் என்ற சொல்லும் அதன் சொந்தக்காரர்களும்
பணம் அனுப்பும் நிறுவனங்களின் அமைப்புகள் குறித்து, கோலார் தங்கவயலிலிருந்து

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்தது 1880இல். இந்திய அஞ்சல் துறை மணியார்டர் சேவையைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆனால் வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நிலமற்ற மக்கள் இங்கு வந்து சுரங்கத்தில் இறங்கியபோது, கூலியில் ஒரு பகுதியை ஊரில் விட்டுவந்த பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்புவது அவர்களது வாழ்வின் பிரிக்கமுடியாத அங்கமாயிற்று. பூமிக்கு அடியில் ஈட்டிய கூலி அஞ்சலகத்தின் சன்னல் வழியாகக் கிராமத்தைச் சென்றடைந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று மத்திய அரசு சுரங்கத்தை மூடியது. அதன்பின் பணம் பாயும் திசை மாறியது. இன்று விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் சுரங்கத் தொழிலாளியின் மகனும் மகளும் பெங்களூருக்குச் செல்கின்றனர். கட்டுமானம், காவல் பணி, ஆயத்த ஆடை, துப்புரவு என்று கிடைத்த வேலையைச் செய்து இரவில் திரும்புகின்றனர். திரும்ப இயலாதவர்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் தங்கிவிடுகின்றனர். தங்கவயலின் லைன் வீடுகளில் எஞ்சியிருக்கும் முதியோருக்கு இப்போது வெளியிலிருந்து பணம் வரவேண்டியுள்ளது. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் செல்போன் ரீசார்ஜ் கடைகளின் முகப்பில் ‘பணம் அனுப்பப்படும், பணம் எடுக்கலாம்’ என்ற பலகைகள் தொங்குவதன் பொருளாதாரக் காரணம் இதுவே.

இந்தக் கடைகளுக்குப் பின்னால் நிறுவனங்கள் உள்ளன. அந்த நிறுவனங்களுக்கு ‘சங்கங்கள்’ உள்ளன. இச்சங்கங்கள் ஏழைகளின் பெயராலும் சிறுகடைக்காரர்களின் பெயராலும் அரசிடமும் ரிசர்வ் வங்கியிடமும் பேசி வருகின்றன. இவற்றைக் குறித்து நமது நிலைபாடு என்ன என்ற கேள்வி நமது அணிகளிடையே அவ்வப்போது எழுகிறது. இதற்குத் தெளிவான விடை காண்பது அவசியம்.

இருவேறு பிழையான பார்வைகள்

முதல் பார்வை இவ்வாறு கூறுகிறது: “இது சிறுவணிகர்களின் துறை. இவர்களது சங்கங்கள் வங்கி முதலாளிகளின் நெருக்கடியை எதிர்க்கின்றன. எனவே இவற்றை நேச அமைப்புகளாகக் கருத வேண்டும்.” மற்றொரு பார்வை, இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் என்கிறது: “முதலாளிகள் தமக்குள் அமைப்பு வைத்துக்கொள்கிறார்கள், கடைக்காரர் கமிஷன் வாங்குகிறார், இதில் தொழிற்சங்கத்திற்கு என்ன வேலை?”

முதல் பார்வை சங்கத்தின் பெயர்ப் பலகையைக் கண்டு ஏமாறுகிறது. இரண்டாவது பார்வை, ஆயிரக்கணக்கான உழைப்பாளர்களை அவர்களது எதிரியின் கையிலேயே ஒப்படைத்துவிடுகிறது.

முதலில் உறுப்பினர் பட்டியலைப் பார்ப்போம். 2013இல் உருவான இந்தியப் பேமென்ட்ஸ் கவுன்சில், இணையத் தொழில் நிறுவனங்களின் சங்கத்திற்குள் இயங்கும் அமைப்பாகும். அதன் உறுப்பினர்கள் பணப் பரிமாற்ற நிறுவனங்கள். வங்கிகளின் சார்பில் கிராமங்களிலும் சிறுநகரங்களிலும் சேவை வழங்கும் முகமை நிறுவனங்களுக்கும் தனியாக ஒரு கூட்டமைப்பு உள்ளது. அங்கும் உறுப்பினராக இருப்பது நிறுவனமே. கடையில் அமர்ந்து கைரேகைக் கருவியை நீட்டும் ஏஜென்ட் அல்ல. சர்வதேச அளவில் லண்டனை மையமாகக் கொண்ட பணப் பரிமாற்ற வலைப்பின்னல்களின் சங்கம் 2005இலிருந்து செயல்படுகிறது. இவை அனைத்திற்கும் மூத்தது 1946 செப்டம்பரில் உருவான இந்திய வங்கிகள் சங்கம். 2008இல் ரிசர்வ் வங்கியுடன் சேர்ந்து தேசியப் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷனை நிறுவியதும் இதே வங்கிகள் சங்கம்தான். இன்று நாட்டின் பணப் பரிமாற்றத்தில் பெரும்பகுதி கடந்துசெல்லும் அந்த அமைப்பின் பங்குகள் நாடாளுமன்றத்தின் கையில் இல்லை. வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் உள்ளன.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம்

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைச் சந்திக்காமல் பலவீனமான வாதத்தை மட்டும் வீழ்த்துவது நமக்கு அழகன்று. அந்த வாதம் இதுதான்: மணியார்டருக்கு 100 ரூபாய்க்கு 5 ரூபாய் கட்டணம் இருந்தது. 5,000 ரூபாய் அனுப்பிய தொழிலாளி 250 ரூபாய் இழந்தார். பணம் போய்ச்சேரப் பல நாட்கள் ஆயின. இன்று கடையில் அதே தொகை பொதுவாக 1 சதவீத அளவிலான கட்டணத்தில், அதாவது ஏறத்தாழ 50 ரூபாயில், சில நொடிகளில் சென்றுசேர்கிறது. இது முன்னேற்றம் இல்லையா?

முன்னேற்றமே. பழைய அஞ்சலகச் சன்னலை நினைத்து ஏங்குவது நமது அரசியல் அல்ல. ஆனால் செலவு குறைந்தது யாரால்? நொடியில் பணம் சேர்க்கும் கட்டமைப்பு பொதுத்துறை வங்கிகளின் கோடிக்கணக்கான கணக்குகள் மீதும் அரசின் அடையாள எண் ஏற்பாட்டின் மீதும் நிற்கிறது. மக்கள் பணத்தில் போடப்பட்ட சாலையில் சுங்கச்சாவடி வைத்தவர், சாலையையே தாம்தான் போட்டதாகக் கூறுவதை நாம் ஏற்க இயலாது.

மேலும், 2020 ஜனவரியிலிருந்து சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் இணையவழியில் செய்யும் நெஃப்ட் பரிமாற்றத்திற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. யுபிஐ வழியாக அனுப்புவோருக்கும் கட்டணமில்லை. அப்படியானால் அந்த 50 ரூபாயைக் கொடுப்பவர் யார்? கூலியை ரொக்கமாகப் பெறுபவர். ஸ்மார்ட்போன் இல்லாதவர், அல்லது அதை நம்பாதவர். வங்கிக்குப் போனால் அரைநாள் கூலி போய்விடும் என்ற நிலையில் உள்ளவர். வசதி படைத்தவர் இலவசமாக அனுப்புகிறார். இல்லாதவர் கட்டணம் கட்டுகிறார். ‘அனைவருக்கும் நிதிச் சேவை’ என்று இச்சங்கங்கள் பறைசாற்றுவதன் உள்ளடக்கம் இதுவே.

வேறொரு நியாயமான வாதமும் உண்டு. 2013இல் பிரிட்டனின் பார்க்ளேஸ் வங்கி, ஏறத்தாழ 250 பணப் பரிமாற்ற நிறுவனங்களின் கணக்குகளை மூட முடிவெடுத்தது. சோமாலியாவில் வங்கிகள் சிதைந்து கிடந்த நிலையில், புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணமே அங்குள்ள குடும்பங்களின் உணவாக இருந்தது. அந்த முடிவை எதிர்த்துப் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் குரல் எழுப்பின. தஹப்ஷீல் நிறுவனம் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றது. அதில் மக்கள் நலனும் அடங்கியிருந்தது. அதேபோல் 2025இல் அமெரிக்காவில் டிரம்ப் அரசு வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் மீது வரி விதிக்க முற்பட்டபோதும் இத்தொழிலின் அமைப்புகள் எதிர்த்தன. முதலில் 5 சதவீதம் என்று முன்மொழியப்பட்ட வரி 1 சதவீதமாகக் குறைந்தது.

ஆனால் அந்த வரி இறுதியில் யார்மீது விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க அட்டை வழியாகவோ அனுப்புவோருக்கு விலக்கு. ரொக்கமாகவும் மணியார்டர் போன்ற வடிவங்களிலும் கொண்டுவந்து கொடுப்போருக்கு 2026 ஜனவரி 1 முதல் வரி. கணக்கு வைத்திருப்பவர் தப்பினார், கையில் ரொக்கம் வைத்திருந்தவர் மாட்டினார். ராபர்ட்சன்பேட்டையின் கடையில் கண்ட அதே கோடு அங்கும் இழுக்கப்பட்டது. மூலதனத்தின் நலனும் மக்களின் நலனும் ஒரு தெருமுனை வரை சேர்ந்து நடக்கலாம். அந்த முனைக்கு அப்பால் தமக்கென்று சொந்த அமைப்பு இல்லாதவர்கள் தனித்து விடப்படுகிறார்கள்.

சுயகட்டுப்பாடு என்னும் மாயை

இச்சங்கங்களின் நடப்பு முழக்கம் ‘சுயகட்டுப்பாடு’. அரசு வெளியிலிருந்து விதிகளைத் திணிக்க வேண்டியதில்லை, எங்களுக்கு நாங்களே நடத்தை விதிகள் வகுத்துக்கொள்வோம் என்கின்றன. ரிசர்வ் வங்கியும் 2020 அக்டோபரில் பணப் பரிமாற்றத் துறைக்கும், 2024இல் பொதுவாகவும் சுயகட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான சட்டகங்களை வெளியிட்டது.

இதன் விளைவு எப்படியிருக்கும் என்பதை அறிய கோலார் மாவட்டத்து மக்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2009இல் கோலார் உள்ளிட்ட தென்கர்நாடக நகரங்களில் மைக்ரோ பைனான்ஸ் கடன் பெற்ற பெண்கள் பெருமளவில் தவணை கட்ட மறுத்தனர். ஒரே குடும்பத்தின் மீது பல நிறுவனங்கள் கடனைச் சுமத்தியதன் விளைவு அது. அதே ஆண்டில் மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்கள் தமக்கென்று தேசிய அளவில் ஒரு அமைப்பை உருவாக்கி நடத்தை விதிகளை அறிவித்தன. 2014இல் அந்த அமைப்பை ரிசர்வ் வங்கி சுயகட்டுப்பாட்டு அமைப்பாக அங்கீகரித்தது. 2022இல் வட்டி உச்சவரம்பு நீக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில், கடன் வசூல் கொடுமை தாங்காத மக்களின் கொந்தளிப்பால், கர்நாடக அரசு கட்டாய வசூலைத் தடுக்க அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட சுயகட்டுப்பாடு முழுமையாகச் செயல்பட்டிருந்தால் அந்த அவசரச் சட்டத்திற்கு என்ன தேவை இருந்தது?

பணப் பரிமாற்றத் துறையிலும் கதை இதுதான். யுபிஐயில் எந்த ஒரு செயலியின் பங்கும் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020 நவம்பரில் விதி அறிவிக்கப்பட்டது. வால்மார்ட்டின் போன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்கைக் கைப்பற்றியிருந்த நிலையில், கெடு 2022 இறுதியிலிருந்து 2024 இறுதிக்கும், அங்கிருந்து 2026 இறுதிக்கும் தள்ளிவைக்கப்பட்டது. ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்குத் தவணை மேல் தவணை கிடைக்கிறது. தங்கவயலில் கடன் வாங்கிய பெண்ணுக்கு ஒரு வாரத் தவணையைக்கூடத் தள்ளிவைப்பார் எவருமில்லை.

2025 மார்ச் மாதம் பேமென்ட்ஸ் கவுன்சில் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. பெரிய வணிகர்களிடம் நடக்கும் யுபிஐ பரிமாற்றங்களுக்கு 0.3 சதவீதக் கட்டணம் அனுமதிக்க வேண்டும், ரூபே டெபிட் அட்டைக்கு எல்லா வணிகர்களிடமும் கட்டணம் வேண்டும் என்பது கோரிக்கை. அரசு அளிக்கும் 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை போதவில்லை என்பது காரணம். கட்டணம் இல்லாத காலத்தில் சந்தையைப் பிடிப்பது, பிடித்தபின் கட்டணம் கேட்பது, இடைப்பட்ட காலத்தில் அரசுக் கருவூலத்திலிருந்து மானியம் பெறுவது: இந்த மூன்றையும் ஒரே மூச்சில் செய்ய முடிவதற்குப் பெயர்தான் தொழில் சங்கம். வணிகரிடம் வாங்கும் கட்டணம் பொருளின் விலையில் ஏறி, இறுதியில் வாங்குபவர் தலையில் விழும் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் யார்?

2006 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் தமது பணியை வெளி முகவர்கள் மூலம் செய்ய அனுமதித்தது. 2010 செப்டம்பரில் லாபநோக்குள்ள நிறுவனங்களும் இதில் அனுமதிக்கப்பட்டன. அதன்பின் வங்கிகள் இணைக்கப்பட்டன. கர்நாடகத்தின் சொந்த வங்கிகளாக மக்கள் கருதிய ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017இலும், விஜயா வங்கி 2019இலும், சிண்டிகேட் வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் 2020இலும் பெயரிழந்தன. ஊழியர் நியமனம் சுருங்க, வங்கிக் கவுண்டரின் வேலை ரீசார்ஜ் கடைக்கு இடம்பெயர்ந்தது. வேலை இடம்பெயர்ந்தது, வங்கி ஊழியரின் ஊதியமும் ஓய்வூதியமும் பணிப்பாதுகாப்பும் இடம்பெயரவில்லை.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில், வாடிக்கையாளரின் வங்கி பணம் கொடுக்கும் தரப்புக்குத் தொகையில் 0.5 சதவீதம், உச்சமாக 15 ரூபாய், தருகிறது. கிருகலட்சுமித் திட்டத்தின் 2,000 ரூபாயை ஒரு பெண் எடுத்தால் அது 10 ரூபாய். அந்தப் பத்து ரூபாய் வங்கி, நிறுவனம், டிஸ்ட்ரிபியூட்டர் என்று படிப்படியாக இறங்கி, எஞ்சிய சில ரூபாய்தான் ஏஜென்ட்டின் கைக்கு வருகிறது. கடை வாடகை அவருடையது. கைரேகைக் கருவி அவர் வாங்கியது. வாலட்டில் முன்கூட்டியே போட்டுவைக்கும் பணமும் அவருடையது, பலசமயம் வட்டிக்கு வாங்கியது. பரிமாற்றம் இடையில் சிக்கிக்கொண்டால் வாடிக்கையாளரின் வசவு அவருக்கு. நிறுவனத்தின் உதவி எண்ணில் பதில் சொல்வது இயந்திரக் குரல்.

இந்நிலையில் சிலர் அந்தப் பெண்ணிடம் தனியாக 20 ரூபாய் கேட்கிறார்கள். இது தவறு, அவளிடம் கட்டணம் வாங்க ஏஜென்ட்டுக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் தவறு எங்கே உற்பத்தியாகிறது? சுரங்கத்தில் வேலையிழந்தவரின் மகன், வேலையில்லாததால் கடை போட்டவன், நியாயமான கூலி கிடைக்காமல் தன் தாயைப் போன்ற ஒருத்தியிடம் கைநீட்டும்படி இந்த ஏற்பாடு அவனைத் தள்ளுகிறது. பிடிபட்டால் அவனது அடையாள எண் முடக்கப்படும். நிறுவனமோ தன் சங்கத்தின் மாநாட்டில் ‘நடத்தை விதி மீறல்களைச் சகிக்கமாட்டோம்’ என்று தீர்மானம் போடும்.

கமிஷன் என்று பெயரிடப்பட்டதால் கூலி கூலியல்லாமல் ஆகிவிடாது. தங்கவயலுக்கு இது புதிதன்று. சுரங்கத்திலும் கம்பெனியின் நேரடித் தொழிலாளர் ஒரு பகுதியினர். கான்ட்ராக்டரின் ஆட்கள் மறுபகுதியினர். விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி அன்றும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தள்ளிவிடப்பட்டது. இன்றைய ஏஜென்ட், அந்தக் கான்ட்ராக்ட் தொழிலாளியின் வாரிசு. அவரை முதலாளிகளின் சங்கத்தில் ‘பங்குதாரர்’ என்று அழைப்பதை நாம் ஏற்றுக்கொண்டால், நமது வர்க்கத்தின் ஒரு பகுதியை நாமே கைவிட்டவர்கள் ஆவோம்.

கைரேகையின் வரலாறு

1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். உடனடிக் காரணம், தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் புதிய ஏற்பாடு. அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கம் எதுவும் இல்லாத காலம் அது. இருந்தும் அவர்கள் ஒன்றுபட்டு நின்றனர். தமது விரல் ரேகை கம்பெனியின் பதிவேட்டில் ஏறினால், அது தம்மைக் கண்காணிக்கவும் விலக்கவும் பயன்படும் என்பதை எழுத்தறிவு மறுக்கப்பட்ட அந்த மக்கள் உணர்ந்திருந்தனர்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உதவித்தொகை எடுக்க அதே விரலைக் கருவியில் அழுத்துகின்றனர். சிமென்ட்டிலும் அமிலத்திலும் தேய்ந்த ரேகையைக் கருவி பலமுறை ஏற்க மறுக்கிறது. 2023இல் கர்நாடகத்தில் பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகைகளையும் ஆதார் எண்களையும் திருடி, கணக்குகளிலிருந்து பணம் எடுத்த மோசடிகள் அம்பலமாயின. தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவில்லை. ரேகை தொழிலாளியுடையது, பதிவேடு மூலதனத்துடையது, இழப்பு மட்டும் மீண்டும் தொழிலாளியுடையது என்ற பங்கீட்டை எதிர்க்கிறோம். இந்தக் கேள்வியைத் தொழில் சங்கங்கள் எழுப்பமாட்டா. ஏனெனில் இழப்புப் பொறுப்பைத் தம் உறுப்பினர் மீது விழாமல் காப்பதுதான் அவற்றின் பணி.

நமது கடமைகள்

ஒன்று: பணப் பரிமாற்ற ஏஜென்ட்டுகளையும் வங்கி மித்ராக்களையும் தொழிலாளர்களாகக் கருதி, தொழிற்சங்கத்தில் திரட்ட வேண்டும். எழுத்துபூர்வமான ஒப்பந்தம், மாதந்தோறும் உறுதியான குறைந்தபட்ச வருமானம், தமது தவறில்லாத மோசடி இழப்பிலிருந்து பாதுகாப்பு ஆகியவை உடனடிக் கோரிக்கைகள். சொந்தக் கடையும் வேறு வருமானமும் உள்ளவர்கள் இவர்களில் உண்டு. அதைக் காரணம் காட்டி ஒதுங்குவது சோம்பலுக்குக் கொள்கை முலாம் பூசுவதாகும்.

இரண்டு: ஏஜென்ட்டையும் பணம் எடுக்க வருபவரையும் மோதவிடும் சூழ்ச்சிக்கு இடமளிக்கக் கூடாது. ஒவ்வொரு கடையிலும் கட்டண விவரம் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிவைக்கப்பட வேண்டும். முறைகேடு நடந்தால் முதலில் அந்த ஏஜென்ட்டை அமர்த்திய வங்கியிடமே எழுத்தில் புகார் செய்ய வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். இதற்கு உதவும் மையங்களாக நமது கிளைகள் செயல்பட வேண்டும்.

மூன்று: அஞ்சலகத்தையும் பொதுத்துறை வங்கிக் கிளையையும் வலுப்படுத்தும் போராட்டத்தோடு இதை இணைக்க வேண்டும். அருகில் ஆள்பலமுள்ள அஞ்சலகம் இருந்தால், ரொக்கக் கூலி வாங்குபவர் 1 சதவீதம் இழக்கவேண்டியதில்லை. ரொக்கமாக வந்து அனுப்புவோரிடம் கட்டணமே வாங்கக்கூடாது என்பது நமது கோரிக்கையாக இருக்கட்டும்.

நான்கு: சுயகட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு அதிகாரம் வழங்குவதை எதிர்க்க வேண்டும். விதி வகுப்பதும் தண்டிப்பதும் மக்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்ட அமைப்புகளின் வேலை.

ஐந்து: கணக்கு மூடல், பணம் அனுப்புவதன் மீதான வரி போன்ற குறிப்பிட்ட பிரச்சினைகளில் இச்சங்கங்களின் கோரிக்கை மக்கள் நலனுடன் ஒத்துப்போனால், நமது சொந்த மேடையிலிருந்து, சொந்தக் காரணங்களைக் கூறி ஆதரிக்கலாம். அவர்கள் மேடையில் நாற்காலி தேட வேண்டாம்.

1946 செப்டம்பரில் வங்கியாளர்கள் தமது சங்கத்தை அமைத்தனர். அதற்குச் சில வாரங்கள் கழித்து, நவம்பர் 4 அன்று, தங்கவயலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்கள் உயிர்கொடுத்துக் காத்த சொல் ‘சங்கம்’. ஒவ்வொரு நவம்பரிலும் நாம் அவர்களுக்குச் செங்கொடி தாழ்த்துகிறோம். அடுத்த நவம்பருக்குள், ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உள்ள ஒவ்வொரு பணப் பரிமாற்றக் கடைக்கும் நமது தோழர் ஒருவர் உறுப்பினர் படிவத்தோடு சென்றிருக்க வேண்டும். கிளைக் கூட்டங்களில் இதை விவாதித்து, பொறுப்பாளர்களை இப்போதே தீர்மானிப்போம்.